படங்கள் தொலையவில்லை, பட்டியலே குழம்பியது

(எமது அமைப்பின் பெற்றோர் – இளையோர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)



ஊரில் எடுத்த ஒளிப்படங்கள் எம்மில் பலரிடம் மிகச் சிலவே எஞ்சியுள்ளன. அவற்றைக் கணினியில் ஏற்றி, இனி அவை அழியா என்று ஆறுதல் கொள்கின்றோம். ஒருநாள் மென்பொருளைத் திறந்தால் அந்தக் கோப்புறையைக் காணவில்லை. எனது வீட்டிலும் இவ்வாறு நிகழ்ந்தது. அம்மாவின் திருமணப் படங்கள் இருந்த இடம் வெறுமையாகக் கிடந்தது. மகனைக் கடிந்துகொண்டேன். அவனோ எதையும் அழித்திருக்கவில்லை. கணினியை ஒழுங்குபடுத்தும் நோக்கில் அக்கோப்புறையை வேறொரு வன்தட்டுக்கு மாற்றியிருந்தான். அவ்வளவே.

அன்று நான் கற்றுக்கொண்டதையே இன்று உங்களுடன் பகிர விழைகின்றேன். இத்தகைய மென்பொருள்களுள் பெரும்பாலானவை படங்களைத் தம்முள் வைத்திருப்பதில்லை. நூலகத்தின் நூற்பட்டியலைப் போன்று, எந்தப் படம் எங்கே உள்ளது என்ற குறிப்பையே வைத்திருக்கின்றன. நூலை வேறு அலுமாரிக்கு மாற்றினால் பட்டியல் பிழையாகும். ஆனால் நூல் அழிந்துவிடுவதில்லை.

ஆகவே, கோப்புறை தெரியாதபோது பதற்றத்தில் எதையும் நீக்காதீர்கள். முதலில் கணினியின் சொந்தக் கோப்பு உலாவியில் தேடுங்கள். படங்கள் அங்கே இருந்தால், மென்பொருளுக்குப் புதிய இடத்தைக் காட்டுவதே எஞ்சிய பணி. பிக்காசாவில் ‘ஃபோல்டர் மனேஜர்’ பகுதியில் அக்கோப்புறையைத் தெரிவு செய்யவேண்டும். லைட்ரூமில் காணாமற்போன கோப்புறையின் மீது வினாக்குறி தோன்றும். அதனை நீக்கிவிட்டு மீண்டும் சேர்த்தால், பட்டியலில் மட்டும் பதிந்திருந்த திருத்தங்கள் போய்விடும். எனவே புதிய இடத்தைச் சுட்டிக்காட்டுவதே முறை. இலவசமாகக் கிடைக்கும் டிஜிகாமில், வெளி வன்தட்டை நீக்கத்தக்க ஊடகம் என்ற வகையிற் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, வேறொரு மென்பொருளிற் படத்தைத் திருத்தும்போது எழும் சிக்கல். கூகுள் நிறுவனம் பிக்காசாவுக்கான ஆதரவை 2016 மார்ச்சில் நிறுத்தியது. எனினும் பழைய கணினிகளில் அது இன்னமும் இயங்குகின்றது. அதிற் செய்த திருத்தங்கள், சேமிக்கப்படும்வரை, ஒரு மறைகோப்பில் மட்டுமே பதிந்திருக்கும். ஆதலால் அதே படத்தை வேறு மென்பொருளில் திறந்தால் பழைய தோற்றமே தெரியும். படங்களை மட்டும் பிரதிசெய்து மறைகோப்பை விட்டுவிட்டால் அத்திருத்தங்களை இழந்துவிடுவோம். இடம் மாற்றுமுன் சேமித்துவிடுங்கள்.

கிம்ப் மென்பொருளில் வேறொரு சிக்கல் உண்டு. 2012இல் வெளியான 2.8 பதிப்பிலிருந்து, அதன் ‘சேவ்’ கட்டளை அதற்கேயுரிய கோப்பு வகையில் மட்டுமே சேமிக்கின்றது. ஜேபெக் படமாக வேண்டுமெனில் ‘எக்ஸ்போர்ட்’ கட்டளையைப் பயன்படுத்தவேண்டும். இதனை அறியாதவர்கள், திருத்திய படம் தெரியவில்லையே என்று மயங்குகின்றார்கள்.

மேலும், ஜேபெக் படத்தைத் திருத்தித் திருத்திச் சேமிக்குந்தோறும் அதன் நுண்மை சிறிது குறைகின்றது. ஆகையால் மூலப் படத்தைத் தொடாது, பிரதியிலேயே திருத்தம் செய்யுங்கள். மங்கிய முகத்தைத் தெளிவாக்கப் போய், இருந்த முகத்தையும் இழந்துவிடலாகாது.

இளையோர்களே, கணினியை நீங்கள் அறிவீர்கள். படத்தில் இருப்பவர்கள் யார் என்பதைப் பெற்றோரும் பேரன் பேத்திகளைக் கண்ட முதியோருமே அறிவர். ஒரு மாலைப்பொழுது அவர்கள் அருகில் அமர்ந்து, பெயரையும் ஊரையும் ஆண்டையும் கேட்டு, ஒருங்குறித் தமிழில் தட்டெழுதுங்கள். பாமினி எழுத்துருவில் எழுதிய குறிப்புகள், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே தெரியும். அக்குறிப்புகள் படக்கோப்பினுள்ளேயே பதியும்படி டிஜிகாமின் அமைப்புகளிற் தெரிவு செய்யலாம். அப்போது மென்பொருள் மாறினாலும் பெயர்கள் படத்துடனேயே செல்லும்.

இறுதியாக, ஒரு பிரதியை வேறொரு உறவினர் வீட்டிலும் வைத்துக்கொள்ளுங்கள். தொலைந்த கோப்புறையைத் தேடி எடுத்துவிடலாம். பெயர் தெரிந்த ஒருவர் மறைந்தபின் அந்தப் பெயரைத் தேடி எடுக்க இயலாது.