பூதப்பாண்டி வயலில் ஒரு பாடம்



கும்பப்பூப் பயிர் பச்சை பிடித்திருந்த சமயம், ஏழாம் வகுப்பு மாணவர்களைப் பூதப்பாண்டிக்கு அழைத்துச் சென்றேன். பழையாற்றுப் பாசனத்தில் விளையும் மலையடிவார ஊர், ப. ஜீவானந்தம் 1907இல் பிறந்த ஊர். கன்னிப்பூ, கும்பப்பூ என இருபோகத்தையும் வகுப்பில் நடத்தியிருந்த தைரியத்தில், வரப்போரம் நின்ற பயிரைக் காட்டி, “இதுதான் நெல்” என்றேன்.

“சாரே, அது நெல்லில்லை, களையாக்கும்” என்றான், வகுப்பில் வாய் திறக்காத ஒரு மாணவன். அவன் அம்மா களை பறிக்கப் போகிறவர். இரண்டையும் பிடுங்கிக் காட்டினான். இலை தண்டோடு சேருமிடத்தில் நெல்லுக்கு மெல்லிய சவ்வு உண்டு. அந்தக் களைக்கு இல்லை.

மறுநாள் அதையே எழுதச் சொன்னேன். முதல்முறையாக அரைப்பக்கம் எழுதினான்.

களப்பயணத்தில் முதலில் பிள்ளைகளைப் பேசவிடுங்கள்.