முதல் ஆட்டத்தின் படம்



கனடாக்காரர்களுக்கு ஹாக்கி என்றால் பனித்தரையில் சறுக்கியபடி ஆடுவது. அங்கே ஓ-பீ-சீ என்று ஒரு மிட்டாய் கம்பெனி இருந்தது. அதன் சூயிங்கம் பொட்டலத்தைப் பிரித்தால் ஆட்டக்காரர்களின் படம் போட்ட அட்டைகள் இருக்கும். 1979-ல் வந்த வரிசையில் 18-ஆம் எண் அட்டை வேய்ன் கிரெட்ஸ்கி என்ற 18 வயதுப் பையனுடையது. பெரிய லீகில் அதுதான் அவருக்கு முதல் பருவம். பிற்பாடு அந்த விளையாட்டிலேயே தலைசிறந்தவர் என்று பெயரெடுத்தார். 2021-ல் அந்த அட்டையின் மாசு மருவற்ற பிரதி ஒன்று 37.5 லட்சம் டாலருக்கு விலைபோனது.

ஒருவரின் முதல் பருவத்தில் வரும் அட்டைக்கு ரூக்கி கார்டு என்று பெயர். பிள்ளைகள் அதை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, பையில் திணித்து, சைக்கிள் சக்கரத்தில் சத்தம் வரச் செருகி விளையாடினார்கள். அச்சடித்த தாளை அந்தக் கம்பெனி கம்பியால் அறுத்ததால் ஓரங்களும் பிசிறடித்தன. நான்கு மூலையும் கூராக, படம் நடுவில் நிற்க, அழுக்குப் படாமல் தப்பியவை விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். சேகரிப்பவர்கள் தவம் கிடப்பது அவற்றுக்காகத்தான். உலகம் கொண்டாடும் முன்பு அந்தப் பையன் எப்படி இருந்தான் என்பதற்கு அந்த அட்டை சாட்சி.

அந்த அட்டை வந்த மறு கோடையில், 1980 ஜூலை 29 அன்று, மாஸ்கோ ஒலிம்பிக்கில் நாம் ஆடும் தரை ஹாக்கியின் இறுதி ஆட்டத்தில் ஸ்பெயினை 4-3 என்று வென்று இந்தியா தங்கம் வாங்கியது. அணித்தலைவர் நம் தமிழகத்து வாசுதேவன் பாஸ்கரன். அவருக்கு முன்னால், 1975-ல் கோலாலம்பூரில் உலகக் கோப்பை வென்ற அணியில் ஆடியவர் வி.ஜே. பிலிப்ஸ். 1968 மெக்ஸிகோவில் வெண்கலம் பெற்ற அணியில் முனீர் சேட், கிருஷ்ணமூர்த்தி பெருமாள். இவர்கள் முதன்முதலில் இந்தியச் சட்டை போட்டபோது நம் ஊர்ப் பெட்டிக்கடையில் அட்டை விற்கவில்லை. அந்த முதல் நாளை நாம் எதிலே பிடித்து வைத்தோம்?

நம்மிடம் தபால்தலை உண்டு. 1966 ஆசிய விளையாட்டில் ஹாக்கி தங்கம் வென்றதற்கு அந்த ஆண்டுக் கடைசி நாளிலேயே ஒன்று வந்தது. ஹாக்கி மேதை தியான்சந்துக்கு 1980 டிசம்பர் 3-ல் வந்தது. அவர் காலமாகிச் சரியாக ஓராண்டு கழிந்த நாள் அது. அங்கே வீரன் நுழையும்போதே அட்டை அடிக்கிறார்கள், இங்கே பெரும்பாலும் அவர் போன பிறகுதான் தபால்தலை. எனக்கு இது பெரிய குறையாகப் படுகிறது.

நம் வீரர்களின் தொடக்கம் பள்ளிக்கூடத்து அணிப் படங்களில்தான் இருக்கிறது. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்தியா 29 கோல் அடித்தது, ஒன்றுகூட வாங்கவில்லை. அந்த அணியின் கோலைக் காத்த ரிச்சர்ட் ஆலன் முசூரி மலையில் ஓக் குரோவ் பள்ளியில் படித்தவர். மலைப் பள்ளிகளும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும் நம் ஹாக்கிக்கு அப்படி உரம் போட்டிருக்கின்றன. நம் சேர்வராயன் மலையிலும் ஏற்காட்டில் 1917 முதல் மான்ட்போர்ட் பள்ளி நடக்கிறது. இப்படிப்பட்ட பள்ளிகளில் படித்தவர்கள் வீட்டில் பழைய படங்கள் இருக்கும்: நாற்காலியில் ஒரு வரிசை, பின்னால் நிற்பவர்கள் ஒரு வரிசை, முன்னால் குறுக்கே சாய்த்த மட்டைகள்.

சுதந்திரத்துக்குப் பிறகு பல ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் ஆஸ்திரேலியாவுக்குப் போயின. ஜபல்பூரில் பிறந்த பியர்ஸ் சகோதரர்கள் ஐந்து பேரும் அந்த நாட்டுக்காகவே ஹாக்கி ஆடினார்கள். அவர்களைப் போன்றவர்களின் பெட்டிகளோடு எத்தனை அணிப் படங்கள் கடல் தாண்டியிருக்கும்!

இங்கே மிஞ்சியவற்றுக்கு முதல் எதிரி ஈரம். ஏற்காட்டில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். சுவரை ஒட்டி மாட்டிய படத்தில் பூஞ்சை பிடிக்கும். ஆகவே வெளிச்சுவரில் மாட்டாதீர்கள். செலோடேப் ஒட்டாதீர்கள், அதன் பசை மஞ்சளாகிக் காகிதத்தைத் தின்றுவிடும். லேமினேஷன் கூடவே கூடாது, பிறகு பிரிக்க வழியில்லை. பத்திரிகைத் துண்டுகள் தானாகவே பழுப்பேறும், அவற்றைப் படத்தோடு சேர்த்து வைக்காதீர்கள். உறைக்குள் வைத்து, மூடிய டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டால் போதும்.

புதிய படங்களுக்கும் இதே அக்கறை வேண்டும். அரியலூரிலிருந்து கோவில்பட்டிக்கு வந்து ஆட்டம் பழகிய கார்த்தி செல்வம் 2022 மே மாதம் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பையில் அறிமுகமானார். பாகிஸ்தானுக்கு எதிரான அந்த முதல் ஆட்டத்திலேயே கோல் அடித்தார். அன்றைய படத்தை எடுத்து வைத்திருப்பவர் கையில் இருப்பதுதான் நம் ஊர் ரூக்கி கார்டு.

நேயர்களே, உங்கள் வீட்டு அலமாரியில் அப்பாவோ தாத்தாவோ ஹாக்கி மட்டையோடு நிற்கும் படம் இருந்தால், இன்றே அதைத் திருப்புங்கள். பின்பக்கம் பென்சிலால், அழுத்தாமல், யார் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று எழுதுங்கள். தெரிந்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே அவர்களைக் கேட்டு எழுதுங்கள்.