கையும் கருத்தும்



நான் பெற்றிருப்பது கலைப் பட்டம். சான்றிதழில் அவ்வாறுதான் அச்சிடப்பட்டிருக்கிறது. ஆயினும் அந்தப் பட்டத்துக்காகப் பயின்ற மூன்று ஆண்டுகளில் ஒரு நாளேனும் நான் தூரிகையைத் தொட்டவனல்லன். வரலாறும் பொருளாதாரமும் இலக்கியமும் படித்தேன். கலைப் பட்டதாரி என்னும் பெயர் பெற்றேன். மத்திய அரசின் மொழிபெயர்ப்பாளனாகப் பணிபுரியும் எனக்கு இந்தச் சொல்லின் பொருத்தமின்மை வெறும் வேடிக்கையாகவே இருந்து வந்தது. பன்னிரண்டாம் வகுப்பை முடித்த என் மகள், "அப்பா, நான் ஓவியம் படிக்கப் போகிறேன்" என்று சொன்ன அன்றுதான் அது வேடிக்கையன்று என உணர்ந்தேன்.

புனே நகரின் பாணேர் பகுதியில் நாங்கள் வசிக்கிறோம். சுற்றிலும் கணிப்பொறி நிறுவனங்கள். அவற்றை நாடி வந்த தமிழ்க் குடும்பங்கள் பல. செய்தி அறிந்த நண்பர் ஒருவர், "படம் போடுவதற்குப் பட்டம் எதற்கு?" என்றார். ஊரிலிருந்து தொலைபேசியில் பேசிய என் தாயார், "கைவேலை பழகினால் வரும், காலேஜுக்குப் போனால் வருமா?" என்று கேட்டார். இரண்டும் நியாயமான கேள்விகளே. விடை தேடும் பொறுப்பு எனக்கு ஏற்பட்டது.

நம் நாட்டில் ஓவியப் பள்ளிகள் புதியன அல்ல. 1850-ஆம் ஆண்டில் டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் சென்னையில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். பம்பாயில் ஜே. ஜே. பள்ளி 1857-இல் தோன்றியது. இவை பெரிதும் கைத்திறனை வளர்ப்பதற்கென எழுந்தவை. கலையின் வரலாற்றையும் அழகியலையும் ஓவியப் பயிற்சியோடு இணைத்துப் பல்கலைக் கழகப் பட்டப் படிப்பாக்கிய பெருமை, இன்று வடோதரா என வழங்கும் பரோடாவுக்கு உரியது. அங்கே மகாராஜா சயாஜிராவ் பல்கலைக் கழகம் 1949-இல் நிறுவப்பெற்றது. அடுத்த ஆண்டே நுண்கலைப் புலம் தோன்றியது. அப்போது துணைவேந்தராக இருந்தவர் ஹன்ஸா மேத்தா அம்மையார்.

அப்புலத்தின் பெயரோடு இணைந்து விளங்குபவர் கே. ஜி. சுப்பிரமணியன். பிற மாநிலங்களில் வாழும் நம்மவர் அவரை அறிந்திருத்தல் நன்று. தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த அவர் 1924-இல் கேரளத்துக் கூத்துப்பறம்பில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் பயின்றார். விடுதலைப் போரில் ஈடுபட்டுச் சிறை புகுந்தமையால் அரசுக் கல்லூரிகளின் கதவுகள் அவருக்கு மூடப்பட்டன. 1944-இல் சாந்திநிகேதனம் சென்று நந்தலால் போஸ், வினோத் பிகாரி முகர்ஜி, ராம்கிங்கர் ஆகியோரிடம் பயின்றார். 1951 முதல் பரோடாவில் ஆசிரியராக விளங்கினார். ஓவியம் தீட்டினார், சுடுமண்ணால் சுவர்ச் சித்திரம் அமைத்தார், குழந்தைகளுக்கு விளையாட்டுப் பொம்மைகள் செய்தார், கைத்தறி வாரியத்திலும் சில காலம் பணியாற்றினார், கலையைப் பற்றிய கட்டுரை நூல்களும் எழுதினார். 2016-இல் மறையும் வரையில் அவர் கையும் ஓயவில்லை, கருத்தும் ஓயவில்லை.

இந்த வரலாறு எனக்கு ஆறுதல் அளித்தது. ஆயினும், கருத்தறிவு கைக்கு எவ்வாறு துணை செய்யும் என்பதை நான் நேரில் கண்டது புனேயில்தான்.

நகரின் நடுவே பாதாளேசுவரர் குகைக் கோயில் இருக்கிறது. எட்டாம் நூற்றாண்டளவில் பாறையைக் குடைந்து அமைத்தது, முற்றுப்பெறாதது. அதன் முற்றத்தில் வட்ட வடிவமான நந்தி மண்டபம் ஒன்று உண்டு. என் மகள் அதை வரைந்தாள். தூண்களின் அளவெல்லாம் சரியாகவே இருந்தன. ஆனால் படம், நேற்றுக் கொத்தனார் கட்டி முடித்த மண்டபம் போலத் தோன்றியது. மூன்று முறை வரைந்தும் குறை தீரவில்லை. பிறகு அவள் குடைவரைகளைப் பற்றிப் படித்தாள். கட்டடம் கீழிருந்து மேலே எழுவது. குடைவரையோ மேலிருந்து கீழே இறங்குவது. மாமல்லபுரத்தில் சிகரம் முடிந்தும் அடிப்பகுதி முடியாத ரதங்களைக் கண்டவர்கள் இதனை எளிதில் அறிவர். குடைவரைத் தூண் நிறுத்தப்பட்டதன்று. சுற்றியிருந்த பாறையை நீக்கியபின் எஞ்சி நின்றது.

மறு ஞாயிறன்று அவள் தூணை வரையவில்லை. தூண்களுக்கு இடையேயுள்ள இருளை வரைந்தாள். இருள் நிறைய நிறைய, வெற்றுத் தாளிலே தூண் தானாக எஞ்சி நின்றது. தாளில் மலை தெரிந்தது. பட்டம் எதற்கு என்ற கேள்விக்கு எனக்கு அன்று விடை கிடைத்தது. பழக்கம் கைக்கு வேகத்தைத் தரும். எதைப் பார்க்கவேண்டும் என்பதைக் கண்ணுக்குச் சொல்லுவது கல்வி. என் தாயாரின் கூற்றும் பொய்யன்று. படித்ததை அவள் கைதான் மெய்ப்பித்தது.

பெற்றோர் கவலையை நான் மறைக்க விரும்பவில்லை. பட்டப் படிப்பு நான்கு ஆண்டுகள் நீளும். வண்ணத்துக்கும் தாளுக்கும் செலவு உண்டு. வரைகலை, துணி வடிவமைப்பு, அசைவுப் படம், அருங்காட்சியகம், ஆசிரியத் தொழில் எனப் பல வழிகள் இருப்பினும், தொடக்க ஆண்டுகளில் வருவாய் நிலையாக இராது. இவற்றையெல்லாம் நான் அவளிடம் எடுத்துச் சொன்னேன். சிறுவயதில் நானும் எங்கள் ஊர்த் தேரைச் சுவரிலெல்லாம் கரியால் வரைந்தவன். "இது சோறு போடாது" என்று என் தந்தையார் சொன்னார்; விட்டுவிட்டேன். சோற்றுக்குக் குறைவில்லாமல் வாழ்கிறேன். அவரைக் குறை கூற மாட்டேன். ஆயினும் அதே சொல்லை என் மகளிடம் சொல்ல எனக்கு நா எழவில்லை.

வடோதராவுக்கு ஓர் இரவு ரயிலில் அழைத்துச் சென்று நுழைவுத் தேர்வு எழுதச் செய்தேன். முடிவு இன்னும் வரவில்லை. கிட்டாவிடில் வேறிடத்தில் முயல்வோம் என்று இருவரும் பேசிக்கொண்டோம்.

நேயர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளையும் ஒருநாள் இவ்வாறு கேட்கக்கூடும். மறுமொழி சொல்லுமுன், அது வரைந்த படத்தை ஒருமுறை அருகே அமர்ந்து பாருங்கள். எவ்வாறு வரைந்தாய் என்று கேளுங்கள். சொல்லும் விடையில் ஆசை மட்டும் இருக்கிறதா, உழைப்பும் இருக்கிறதா என்பது உங்களுக்கே விளங்கும். உழைப்பும் இருந்தால், அஞ்சாமல் அனுப்புங்கள்.