கல்லைக் கும்பிடுவதா, கேள்வி கேட்பதா?

(அம்பத்தூரில் நடந்த கூட்டத்தில் பேசியதன் சாரம்)



கிணறு வெட்டும்போதும், வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போதும், ஏரியில் மண் எடுக்கும்போதும் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கத்து மக்களாகிய நம் கையில் விதவிதமான கற்கள் அகப்படுகின்றன. அகப்பட்டதும் நாம் செய்வதென்ன? பளபளத்தால் தங்கமென்று முந்தானையில் முடிகிறோம். உருண்டையாயிருந்தால் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து அரச மரத்தடியில் நாட்டி விடுகிறோம். மறுவாரம் உண்டியல் வருகிறது. அதற்கடுத்த வாரம் உண்டியலுக்கு ஒரு பூசாரி வருகிறார். "இது என்ன கல்?" என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை.

மத்தியப் பிரதேசத்தில் தார் ஜில்லாவிலே பாட்லியா என்ற கிராமத்தார் உருண்டைக் கற்களைக் குலதெய்வமென்று தலைமுறை தலைமுறையாய்க் கும்பிட்டு வந்தார்கள். அவை டைனோசர் என்ற பழங்கால மிருகத்தின் கல்லாய்ப்போன முட்டைகளென்று அறிஞர்கள் சொன்ன செய்தி 2023-ம் வருஷம் வெளிவந்தது. நம் பெரம்பலூர் ஜில்லா குன்னத்திலோ, 2020-ல் ஏரியில் கிடைத்த உருண்டைகளை டைனோசர் முட்டையென்று ஊரே பேசிற்று. பரிசோதித்த நிபுணர்கள், முட்டையல்ல, ஆதிகாலக் கடலின் வண்டல் திரண்டு இறுகிய கல்லே என்றார்கள். அங்கே சாமி முட்டையாயிற்று. இங்கே முட்டை கல்லாயிற்று. பக்தியானாலும் வதந்தியானாலும் பரிசோதனைக்கு முன் ஒன்றுதான்.

பரிசோதனை என்றதும் பெரிய படிப்பு வேண்டுமோவென்று மலைக்க வேண்டாம். உடைந்த பீங்கானின் மெருகில்லாத பக்கத்தில் கல்லைத் தேயுங்கள். தங்கமானால் மஞ்சள் கோடு விழும். தங்கம்போல் மினுக்கி ஏமாற்றும் கந்தக இரும்புக் கல்லானால் கறுப்புக் கோடு விழும். கண்ணாடியைக் கீறிப் பாருங்கள். வெங்கச்சங்கல் கீறும், சுண்ணாம்புக்கல் கீறாது. சந்தேகமானால் கல்லைப் பொடித்துப் புளித்த காடியை விடுங்கள், சுண்ணாம்பானால் நுரைக்கும். காந்தத்தைக் காட்டுங்கள். இதற்கு மந்திரமும் வேண்டாம், தட்சணையும் வேண்டாம், ஜாதியும் வேண்டாம்.

இப்படிக் கேள்வி கேட்டதால் விளைந்ததைப் பாருங்கள். 1863-ம் வருஷம் மே மாதம் 30-ந் தேதி, ராபர்ட் புரூஸ் பூட் என்ற பூகர்ப்ப ஆராய்ச்சிக்காரர் நமக்குத் தெற்கே பல்லாவரத்தில் ஒரு சரளைக் குழியில் கல்லொன்றை எடுத்தார். மனிதன் கையால் செதுக்கிய கோடரி அது. அவ்வருஷமே அவரும் வில்லியம் கிங்கும் பூண்டிக்கு அருகே அத்திரம்பாக்கத்தில் அவ்வகைக் கருவிகள் பல கண்டார்கள். பூட் சேர்த்த கற்களை 1904-ல் சென்னை மியூசியம் வாங்கிற்று. சாந்தி பப்பு அம்மையாரும் அவருடைய கூட்டாளிகளும் அத்திரம்பாக்கத்தில் தோண்டி ஆராய்ந்து, மிகப் பழைய கருவிகளுக்கு வயது சுமார் 15 லட்சம் வருஷமென்று 2011-ல் வெளியிட்டார்கள்.

"எங்கள் யுகக் கணக்கிலும் லட்சங்கள் உண்டே" என்பார்கள் வைதிகர்கள். லட்சமென்று வாயால் சொல்வதற்குச் செலவென்ன? எதை வைத்து அளந்தாய் என்பதல்லவா கேள்வி! வெளியில் கிடக்கும் கல்லில் விண்ணிலிருந்து வரும் கதிர்கள் பட்டுச் சிலவகை அணுக்கள் உண்டாகின்றன. கல் புதைந்தபின் அவை வெவ்வேறு வேகத்தில் அழிகின்றன. மிச்சத்தை ஒப்பிட்டுப் புதைந்த காலத்தைக் கணக்கிட்டார்கள். சந்தேகமுள்ளவர் மறுபடி அளக்கலாம். யுகக் கணக்கை எங்கே, எதைக் கொண்டு அளப்பது?

தோழர்களே! முகத்தில் பிறந்தவன், காலில் பிறந்தவன் என்று நம்மைப் பிரித்து வைத்தவர்களை ஒன்று கேட்கிறோம். அக்கோடரியைச் செதுக்கியவன் எந்த வருணம்? அவன் கையில் உழைப்பின் காய்ப்பு இருந்திருக்கும். மார்பில் நூல் இருந்திருக்காது. கையும் மூளையும் கொண்டு பிழைத்த அந்தக் காலத்துக்குப் பின், நேற்று எழுதிய ஏட்டைக் காட்டியல்லவா நம்மைத் தெருவில் நடக்காதே, கிணற்றில் மொள்ளாதே என்றார்கள்!

ஆகவே, இனி வினோதமான கல் அகப்பட்டால் குங்குமத்தைத் தேடாதீர்கள். கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். செதுக்கிய கல்லோ எலும்பைப் போன்றதோ கண்டால் மேலும் தோண்டாமல் எழும்பூர் மியூசியத்துக்குத் தெரிவியுங்கள். உங்கள் பிள்ளைகளை அங்கே அழைத்துப்போய் அந்தக் கோடரிகளைக் காட்டுங்கள். கல்லின்முன் கைகட்டி நிற்கும் பிள்ளை யார் முன்னும் கைகட்டுவான். கல்லையே கேள்வி கேட்கப் பழகிய பிள்ளை எவனையும் கேட்பான்.