பெட்டியும் பெட்டையும்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை)



நம் செயலாளர் அண்ணன் போன் செய்து, "உன் துறை சம்பந்தமா ஏதாவது பேசுப்பா" என்றார். என் துறை மெக்கானிக்கல். பாய்லரைப் பற்றிப் பேசலாம்தான். ஆனால் பிரியாணி சாப்பிட்டு முடித்த நேரத்தில் பாய்லரைப் பற்றிப் பேசினால் முன்வரிசையே தூங்கிவிடும். ஆகவே, நீங்கள் இப்போது சாப்பிட்ட கோழியைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். சரியாகச் சொன்னால், அது வருகிற முட்டையைப் பற்றி.

சிரிக்காதீர்கள். 2006ஆம் ஆண்டு நான் இங்கே முதலாமாண்டு சேர்ந்தபோது என் ஹாஸ்டல் மெஸ் பில்லைக் கட்டியது கோழிதான். ஆலங்குடிப் பக்கம் எங்கள் ஊர். அப்பாவுக்குத் தென்னையில் வருமானம் வந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அப்பத்தா வீட்டுக்குப் பின்னால் பதினைந்து இருபது நாட்டுக்கோழி வைத்திருந்தது. சைக்கிளில் கூடை கட்டிக்கொண்டு வரும் வியாபாரி, கோழியின் இரண்டு காலையும் பிடித்துத் தூக்கிப் பார்த்தே எடை சொல்வார். அப்பத்தாவும் தூக்கிப் பார்த்து எடை சொல்லும். இரண்டும் ஒருநாளும் ஒத்துப் போனதில்லை. அந்தச் சிறுவாட்டுக் காசு சுருக்குப்பையிலிருந்து அப்படியே என் கைக்கு வரும். செமஸ்டர் பரீட்சைக்குப் பணம் கட்டிய சலானைப் பார்த்துவிட்டு அப்பத்தா ஒருமுறை கேட்டது: "இதுல எத்தனை கோழி இருக்கு?"

படித்து முடித்தேன். திருச்சியில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. 2018இல் எனக்கு ஒரு யோசனை. ஒரு பெட்டைக்கோழி பன்னிரண்டு முட்டையோ பதினைந்து முட்டையோ இடும். பிறகு அடைக்கு உட்காரும். அடை 21 நாள். குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு மேய்வது இரண்டு மாதத்துக்கு மேல். அத்தனை நாளும் முட்டை கிடையாது. அதனால்தான் நாட்டுக்கோழி வருஷத்துக்கு மூன்று நான்கு ஈடு மட்டுமே இடுகிறது. அடைகாக்கும் வேலையை நாம் செய்துவிட்டால் கோழி சீக்கிரமே மறுபடி முட்டைக்கு வந்துவிடும் அல்லவா? புரொடக்‌ஷனில் இருக்கிறவனுக்கு இது தாங்காது. ஒரு மிஷின் வருஷத்தில் பாதி நாள் சும்மா உட்கார்ந்திருக்கிறதே என்று தோன்றும்.

பழக்கடையில் ஒரு தெர்மோகோல் பெட்டி வாங்கினேன். 40 வாட்ஸ் குண்டு பல்பு இரண்டு, பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய மின்விசிறி ஒன்று, சின்ன தெர்மோஸ்டாட் போர்டு ஒன்று, ஈரப்பதத்துக்குக் கிண்ணத்தில் தண்ணீர். மொத்தம் ஆயிரம் ரூபாய்கூட ஆகவில்லை. மின்விசிறி உள்ள பெட்டிக்கு 37.5 டிகிரி வேண்டும். ஈரப்பதம் முதல் 18 நாள் 50 முதல் 55 சதவீதம், கடைசி மூன்று நாள் 65க்கு மேல். எல்லாவற்றையும் எழுதி பெட்டியின் மேலேயே ஒட்டிவைத்தேன்.

முதல் ஈட்டில் 30 முட்டை வைத்தேன். பொரித்தது மூன்று.

தெர்மாமீட்டர் ஒன்றரை டிகிரி குறைத்துக் காட்டியிருக்கிறது. நான் அதை நம்பினேன். அப்பத்தா பெட்டியைத் திறந்து ஒரு முட்டையை எடுத்து மூடிய கண்ணிமையில் வைத்துப் பார்த்துவிட்டு, "கொதிக்குதே அப்பு" என்று முதல் வாரமே சொன்னது. நான் காதில் வாங்கவில்லை. டிஜிட்டல் மீட்டர் சொல்வதை விட்டுவிட்டு இமை சொல்வதைக் கேட்பேனா? பிற்பாடு படித்துப் பார்த்தேன். எகிப்தில் இரண்டாயிரம் ஆண்டுக்கும் மேலாக மண் சூளை கட்டி ஆயிரக்கணக்கில் முட்டை பொரிக்கிறார்கள். அங்கே சூளைக்காரர்கள் சூடு பார்த்ததும் கண்ணிமையில் வைத்துத்தான்! வெப்ப அளவுகோலுக்கே தன் பெயரைக் கொடுத்த பிரெஞ்சு விஞ்ஞானி ரெயமூர், செயற்கையாகக் குஞ்சு பொரிப்பதைப் பற்றி 1749இல் புத்தகமே எழுதியிருக்கிறார். ஆக, நான் பெரிதாக ஒன்றும் கண்டுபிடித்துவிடவில்லை.

இரண்டாவது தப்பு, முட்டையைத் திருப்பாதது. ராத்திரி நான் தூங்கிவிட்டேன். கோழி தூங்கினாலும் அலகால் தள்ளித் தள்ளி, நடுவில் இருக்கும் முட்டையை ஓரத்துக்கும், ஓரத்தில் இருப்பதை நடுவுக்கும் மாற்றிக்கொண்டே இருக்கும். திருப்பாவிட்டால் கரு ஓட்டின் உட்சவ்வோடு ஒட்டிக்கொண்டு செத்துப்போகும். நாம் கையால் செய்தால் நாளைக்கு ஐந்து தடவையாவது திருப்ப வேண்டும், 18ஆம் நாள் வரைக்கும். அதன்பிறகு தொடக்கூடாது. குஞ்சு வெளியே வரத் தலையை ஒழுங்கு பண்ணிக்கொண்டிருக்கும்.

இதையெல்லாம் சரிசெய்து, 2018 அக்டோபர் 28, ஞாயிற்றுக்கிழமை, 40 முட்டை வைத்தேன். ஞாயிறு வைத்தால் மூன்று வாரம் கழித்து ஞாயிறன்றே பொரிக்கும். லீவு போட வேண்டாம் என்று கணக்கு. அப்போது ஒரு செவலைப் பெட்டை அடைக்கு உட்கார்ந்திருந்தது. அதன் முட்டையையும் எடுத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, "அதைத் தண்ணியில முக்கி அடையைக் கலைச்சிடு அப்பத்தா" என்று சொல்லிவிட்டுத் திருச்சிக்குப் பஸ் ஏறினேன். வாரநாளில் முட்டை திருப்புவது அம்மாவின் வேலை.

ஏழாம் நாள் இருட்டறையில் டார்ச் அடித்துப் பார்த்தோம். கரு கூடியிருந்தால் சிலந்தி வலை மாதிரி சிவப்பு நரம்பு தெரியும். ஆறு முட்டையில் ஒன்றும் இல்லை. கழித்துக்கட்டினேன். அப்பத்தா அதில் இரண்டை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு போனது. எதற்கு என்று நான் கேட்கவில்லை.

நவம்பர் 15, வியாழக்கிழமை. கஜா புயல் வருகிறது என்று ரேடியோவிலும் டி.வி.யிலும் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். மத்தியானமே புறப்பட்டு ஊருக்கு வந்துவிட்டேன். பெட்டியில் 18ஆம் நாள். ராத்திரி பதினோரு மணிக்குக் கரண்ட்டை நிறுத்தினார்கள். எனக்குப் பயமில்லை. இன்வெர்ட்டர் இருந்தது. 12 வோல்ட், 150 ஆம்பியர் மணி பேட்டரி; 1800 வாட் மணி. பல்பு பாதி நேரம்தான் எரியும், விசிறிக்குக் கொஞ்சம், நஷ்டத்துக்குக் கொஞ்சம். இருபது மணி நேரம் தாங்கும் என்று மனக்கணக்குப் போட்டேன். அதற்குள் கரண்ட் வராமலா போகும்?

16ஆம் தேதி விடியும் முன்னால் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரை ஏறிய புயல், எங்கள் பக்கம் வந்து என்ன செய்தது என்பது இங்கே உட்கார்ந்திருக்கும் ஆலங்குடி, கறம்பக்குடி, கந்தர்வகோட்டை, அறந்தாங்கிக்காரர்களுக்குத் தெரியும். வெளியூர் அண்ணன்களுக்காக ஒன்றே ஒன்று சொல்கிறேன். விடிந்து கதவைத் திறந்தால், வீட்டிலிருந்து பார்த்தே இராத பக்கத்து ஊர்க் கோயில் கோபுரம் தெரிந்தது. நடுவில் இருந்த தென்னையும் பலாவும் படுத்துக் கிடந்தன. அப்பா திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். யாரும் அவரோடு பேசவில்லை.

அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு பேட்டரி இறங்கி, பல்பு மங்கி அணைந்தது. ரோடு முழுக்க மரம். ஜெனரேட்டர் வைத்திருந்தவர் தண்ணீர் மோட்டாருக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் போய்க் குஞ்சு பொரிக்க என்று கேட்க வாய் வருமா? பெட்டியில் 34 முட்டை. காதை வைத்துக் கேட்டால் உள்ளேயிருந்து கீச்சுக் கீச்சென்று சத்தம். பொரிப்பதற்கு முன்பே குஞ்சு முட்டைக்குள்ளிருந்து கத்தும். அடைக்கோழி அதற்குக் கொர்க் கொர்க் என்று பதில் கொடுக்கும். என் பெட்டிக்குப் பதில் கொடுக்கத் தெரியாது.

அப்பத்தா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டது. மூலையில் பஞ்சாரம். உள்ளே அந்தச் செவலை, மண்சட்டியில், தவிட்டு மேல், உடம்பைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அடியில் நான் கழித்துக்கட்டிய இரண்டு கூமுட்டை! அடையைக் கலைக்கச் சொன்னதற்கு, கலையாமல் இருக்கப் பொய் முட்டை வைத்து இத்தனை நாளும் உட்காரவைத்திருக்கிறது. முதல்நாளே பஞ்சாரத்தைத் தொழுவத்திலிருந்து அடுப்படிக்கு மாற்றியிருக்கிறது. தொழுவத்துக் கூரை இப்போது வயலில் கிடந்தது. சட்டியில் ஒரு கரித்துண்டு, ஒரு ஆணி, நாலு காய்ந்த மிளகாய். இடி இடித்தால் முட்டை கெட்டுப்போகாமல் இருக்க இதைப் போடுவார்கள். நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இதற்கு ஆதாரம் இல்லை. இன்றைக்கும் நான் போடுகிறேன். நஷ்டம் ஒரு ஆணிதானே.

நாம் பிளான்ட்டில் ஸ்டாண்ட்-பை பம்ப் என்று ஒன்று வைக்கிறோம். ஓடுகிற பம்ப் நின்றால் அது எடுத்துக்கொள்ளும். இருபது மணி நேரத்துக்குக் கணக்குப் போட்ட இன்ஜினீயர் நான். ஸ்டாண்ட்-பை வைத்தது கைநாட்டு வைக்கிற அப்பத்தா.

செவலைக்கு அடியில் பதின்மூன்று முட்டைதான் அடங்கியது. மீதி 21 பெட்டியிலேயே இருந்தது. விறகடுப்பில் வெந்நீர் காய்ச்சி, பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றி, துணி சுற்றி உள்ளே அடுக்கினேன். மணிக்கொருதரம் பாட்டிலை மாற்ற வேண்டும். இரண்டு ராத்திரி தூங்கவில்லை. இந்தத் தடவை தெர்மாமீட்டரை நம்பவில்லை. இமையில் வைத்துப் பார்த்தேன். 18ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, கோழிக்கு அடியில் பதின்மூன்றுக்குப் பதினொன்று பொரித்தது. என் பெட்டியில் இருபத்தொன்றுக்கு நாலு. அந்த நாலையும் அன்று இருட்டியபிறகு அப்பத்தா ஒவ்வொன்றாகச் செவலையின் சிறகுக்குள் நுழைத்துவிட்டது. பகலில் விட்டால் கொத்திவிடும், ராத்திரி விட்டால் ஏற்றுக்கொள்ளும். விடிந்தபோது செவலை பதினைந்தையும் கூட்டிக்கொண்டு, விழுந்து கிடந்த பலா மரத்துக்குள் நுழைந்து புழு பொறுக்கிக்கொண்டிருந்தது. நாலு நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அப்பா திண்ணையை விட்டு இறங்கி, குஞ்சுக்குக் குருணை போட்டார்.

கதை இங்கே சுபமாக முடியவில்லை. பதினைந்தில் ஆறைப் பருந்து தூக்கியது. முன்னெல்லாம் ஒன்றிரண்டுதான் போகும். மரநிழலில் ஒளிய இடம் இருந்தது. மரம் போனபின் கொல்லை முழுக்க வெட்டவெளி. கரண்ட் எங்கள் தெருவுக்கு வந்தது 23ஆம் நாள்.

இதைக் கேட்டுவிட்டுப் பெட்டியே வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைக்காதீர்கள். இப்போதும் என்னிடம் பெட்டி இருக்கிறது. முட்டை திருப்ப மோட்டார் போட்டிருக்கிறேன். அடைக்கோழி கையில் இல்லாதபோதும், தை மாசியில் முட்டை நிறையச் சேரும்போதும் பெட்டிதான் கைகொடுக்கிறது. ஆனால் அக்னி நட்சத்திரத்தில் புதுக்கோட்டை வெயிலுக்கு அறையே 38 டிகிரி போகும். பெட்டி சூட்டைக் கூட்டத்தான் தெரிந்தது, குறைக்கத் தெரியாது. சித்திரை வைகாசியில் அடை வைக்காதே என்று அப்பத்தா சொன்னதன் காரணம் அதுதான். வெயில் காலத்தில் அடைக்குச் சேர்க்கும் முட்டையை ஈரமணலில் புதைத்த பானைக்குள் வையுங்கள். மூன்று நான்கு நாளுக்கு மேல் வைக்காதீர்கள். குஞ்சு பொரித்த ஏழாம் நாள் வெள்ளைக்கழிச்சலுக்குக் கண்ணில் சொட்டு மருந்து, எட்டாம் வாரம் தடுப்பூசி. இதை விட்டால் ஒரே வாரத்தில் கொல்லை காலியாகும். எங்களுக்கு ஒருமுறை ஆனது.

எனக்கு இருக்கிற கவலை வேறு. அடைக்கு உட்காரும் குணம் பரம்பரையாக வருவது. வெள்ளை லெகார்ன் பண்ணைக்கோழி அடைக்கு உட்காராது. முட்டை மட்டும் போதும் என்று தலைமுறை தலைமுறையாக அப்படிப் பொறுக்கி எடுத்துவிட்டார்கள். வனராஜா, கிரிராஜா மாதிரிக் கொல்லைப்புறத்துக்கென்று உருவாக்கிய இனங்கள் நன்றாக வளரும், நிறைய முட்டை இடும். அடைகாப்பதில் நம் சிறுவிடையிடம் நிற்க முடியாது. எல்லா ஈட்டையும் பெட்டியிலேயே வைத்து, அடிக்கடி முட்டையிடும் பெட்டையின் குஞ்சையே நிறுத்திக்கொண்டு வந்தால், நம் கொல்லைக் கோழியும் அடையை மறந்துவிடும். அதை யாரும் வேண்டுமென்று செய்யப்போவதில்லை. நான் 2018இல் செய்யப் பார்த்தேனே, அதுபோல நல்ல எண்ணத்தோடுதான் செய்வார்கள்.

இத்தனைக்கும் இது நம் ஊர்ப் பறவை. உலகத்துக் கோழிகளின் மஞ்சள் கால் தோலுக்கான மரபணு, நம் மேற்கு மலையில் திரியும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008இல் நிரூபித்திருக்கிறார்கள். பக்கத்து உறையூருக்குப் பழைய பெயரே கோழிதான்.

படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். பைனல் இயர் புராஜெக்ட்டுக்குக் கடையில் காசு கொடுத்து மாடல் வாங்காதீர்கள். அடைக்கோழிக்கு அடியில் சென்சார் வைத்து 21 நாளும் சூட்டைப் பதிவு செய்யுங்கள். அடைக்கு உட்கார்ந்தால் அதன் வயிற்றில் இறகு உதிர்ந்து வெறும் தோலாகும். அந்தத் தோல்தான் முட்டைக்கு ஹீட்டர். தினம் ஒருதடவை எழுந்து தின்று, தண்ணீர் குடித்து, மண்ணில் புரண்டுவிட்டு கால்மணி நேரத்தில் திரும்பும். அந்தக் கால்மணி நேரம் முட்டை எவ்வளவு ஆறுகிறது, எத்தனை நிமிஷத்தில் பழைய சூட்டுக்கு வருகிறது என்று வரைபடம் போட்டுக் காட்டுங்கள். கோழி நான் தருகிறேன். கொத்தினால் சங்கம் பொறுப்பல்ல.

அப்பத்தா 2021இல் காலமானது. செவலையின் வழியில் வந்த பெட்டைகள் ஏழு இப்போது என்னிடம் இருக்கின்றன. ஏழில் ஐந்து ஒழுங்காக அடைக்கு உட்காரும். மீதி இரண்டின் குஞ்சை நான் நிறுத்துவதில்லை.

பெட்டியில் இன்றைக்குப் பதினாறாம் நாள். பக்கத்திலேயே பஞ்சாரத்தில் ஒரு பெட்டை, இரண்டு கூமுட்டையோடு உட்கார்ந்திருக்கிறது. சாயங்காலம் அதை எழுப்பித் தண்ணீர் காட்ட வேண்டும்; வீட்டில் எல்லாரும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார்கள். ஐந்தரை மணி பஸ்ஸைப் பிடிக்கத் தலைவர் அவர்கள் அனுமதிக்க வேண்டும்.