இளங்குழந்தைக் கல்வியும் முதுநிலைப் படிப்பும்

(திருப்புட்குழியில் தாய்மார்களும் இளைஞர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



யாதவப் பிரகாசர் என்னும் பேரறிஞர் இத்திருப்புட்குழியில் தங்கி வேதாந்தம் கற்பித்தார் என்றும், இளைஞரான இராமாநுசர் அவரிடம் பாடம் கேட்டார் என்றும் வைணவ மரபு கூறுகின்றது. உயர்கல்வியை நாடி மாணாக்கர் வந்த ஊர் இது. நான் பேச வந்திருப்பதும் உயர்கல்வியைப் பற்றியே. ஆயின், மிகச் சிறிய குழந்தைகளின் பொருட்டுக் கற்க வேண்டிய உயர்கல்வி அது.

பட்டம் பெற்ற பெண் ஒருத்தி, "இளங்குழந்தைக் கல்வியில் முதுநிலைப் படிப்புப் படிக்கப் போகிறேன்" என்றால், வீட்டார் நகைக்கின்றனர். "பிள்ளைகளுக்கு விளையாட்டுக் காட்ட இரண்டாண்டுப் படிப்பா?" என்று கேட்கின்றனர். இக்கேள்விக்கு விடை கூறுவது என் கடமை.

உங்கள் வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். புளியங்கொட்டைகளை வரிசைக்கு 7 வீதம் இரு வரிசைகளாக, ஒன்றுக்கு ஒன்று நேராக வையுங்கள். இரண்டும் சமமே என்று நான்கு வயதுக் குழந்தை ஒப்புக்கொள்ளும். பின்னர், அதன் கண்ணெதிரிலேயே ஒரு வரிசையை மட்டும் அகற்றிப் பரப்புங்கள். நீண்ட வரிசையில்தான் கொட்டை அதிகம் என்று பெரும்பாலான குழந்தைகள் கூறும். சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் பியாஜே ஆராய்ந்து காட்டிய உண்மை இது. அக்குழந்தை மந்தபுத்தி உடையதன்று. அவ்வயதின் சிந்தனையே அத்தகையது. இதனை அறியாதவர் குழந்தையின் தலையில் குட்டுவார். அறிந்தவர் மேலும் பல பொருள்களைக் கையில் கொடுத்து, எண்ணிப் பார்க்க விடுவார். படிப்பின் பயன் இதுவே.

முதுநிலை மாணவியர் கற்பவை யாவை? குழந்தையின் உடல், மொழி, உள்ளம் ஆகியவை வளரும் முறை, ஊட்டச்சத்து, விளையாட்டின் வழியே கற்பிக்கும் திறன், குறைபாடுடைய குழந்தையை முன்கூட்டியே கண்டறிதல், பெற்றோருடன் இணைந்து பணியாற்றுதல். கோவையில் அவினாசிலிங்கம் நிறுவனத்திலும், பரோடாப் பல்கலைக்கழகத்திலும் மனையியல் துறையின் கிளையாக இக்கல்வி வளர்ந்தது. டில்லி அம்பேத்கர் பல்கலைக்கழகம் இதனைத் தனி முதுகலைப் படிப்பாகவே அமைத்தது.

இத்துறைக்கு வழிகாட்டியவர்களும் கற்றறிந்தவர்களே. 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்த மரியா மாண்டிசோரி அம்மையார் மருத்துவப் பட்டம் பெற்றவர். 1920இல் பவநகரில் பாலமந்திரம் கண்ட கிஜுபாய் வழக்கறிஞர் தொழிலை விட்டு வந்தவர்.

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் 1962இல் தொடங்கிய பெர்ரி ஆய்வையும் இங்கே கூறுதல் தகும். ஏழைக் குடும்பத்துக் குழந்தைகள் 123 பேரில் ஒரு பகுதியினருக்கு மட்டும், பயிற்சி பெற்ற பட்டதாரி ஆசிரியர்களைக் கொண்டு முன்பருவக் கல்வி அளித்தனர். நாற்பது வயது வரை அவர்களைத் தொடர்ந்து கவனித்தபோது, அக்கல்வி பெற்றவர்கள் மற்றவர்களைவிட மிகுதியாக ஊதியம் ஈட்டினர் என்றும், குறைவாகவே குற்ற வழக்குகளில் சிக்கினர் என்றும் தெரிந்தது.

காஞ்சி வட்டாரத்தில் இதனைப் பேசுவதற்கு மற்றொரு காரணமும் உண்டு. கோர்வைச் சேலை நெய்கையில், கரைக்குரிய நாடாவைத் தள்ளத் தறியில் ஒரு துணையாள் வேண்டும். முன்னாளில் அவ்விடத்தில் அமர்ந்தவர் பல வீடுகளில் சிறுவர்களே. அச்சிறுவர்களைப் பள்ளிக்கு அனுப்பப் பெருமுயற்சி தேவைப்பட்டது. இனிப் பள்ளியில் சேர்த்தால் மட்டும் போதாது. பாவு ஒழுங்காக அமையாத தறியில் எவ்வளவு சரிகை இட்டும் பயன் என்ன? முதல் ஆறு ஆண்டுகள் குழந்தையின் பாவு ஆகும். 2002ஆம் ஆண்டின் 86ஆம் அரசியலமைப்புத் திருத்தமும், ஆறு வயது நிறையும் வரை குழந்தைகளுக்குப் பராமரிப்பும் கல்வியும் அளிக்க அரசு முயலவேண்டும் என்று கூறுகின்றது.

நம் அங்கன்வாடி ஊழியர்கள் சத்துணவு, தடுப்பூசி, பதிவேடு, பாடம் எனப் பல சுமைகளைத் தாங்குகின்றனர். முதுநிலை கற்றவர் வந்து அவர்களுடைய இடத்தைப் பறிக்க வேண்டும் என்று நான் கூறவில்லை. அவர்களுக்குத் துணையாக நின்று, பயிற்சி அளித்து, பாட முறைகளை வகுத்துத் தரும் கற்ற பெண்களும் ஆண்களும் கிராமங்களிலிருந்தே தோன்ற வேண்டும். தறியின் ஓசையில் வளர்ந்தவருக்கே தறிவீட்டுக் குழந்தையின் மொழி நன்கு விளங்கும்.

அக்டோபர் 2 கிராமசபை கூடும் நாள். 1975இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பெற்றதும் அந்நாளிலேயே. வரும் கிராமசபையில் சாலையையும் தெருவிளக்கையும் பற்றிப் பேசுங்கள், அத்துடன், "நம் அங்கன்வாடியில் குழந்தைகள் என்ன கற்கின்றனர்?" என்றும் கேளுங்கள். இத்துறையில் படிக்க விரும்பும் பெண்ணுக்கு விடுதிச் செலவுக்கும் உதவித்தொகை விண்ணப்பத்துக்கும் ஊரார் துணை நில்லுங்கள்.

வறுத்த பயறும் முளைக்கும் என்று நம்பிப் பிள்ளை வரம் வேண்டுவோர் வரும் திருத்தலம் இது. வரமாக வந்த குழந்தை நன்கு தழைப்பதற்கு வேண்டிய அறிவைத் தேடிக்கொள்வது நம் கையில் இருக்கின்றது.