சாஸ்திரியார் கண்டெடுத்த மாணவர்



குற்றாலத்துக்கு அருகிலுள்ள வல்லத்தில் 1901-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ஆம் தேதி பிறந்தவர் சு. சிவசங்கரநாராயண பிள்ளை. பிறந்த ஓராண்டில் தாய் கோமதி அம்மாள் இறந்துபோனார். பள்ளிப் படிப்பின் கடைசி ஆண்டில் தந்தை சுப்பையா பிள்ளையும் போய்விட்டார். அந்தக் காலத்தில் இப்படி ஒரு பையனின் படிப்பு அத்தோடு நின்றுபோவதுதான் வழக்கம். நிற்கவிடாமல் பார்த்துக்கொண்டவர் அவருடைய ஆசிரியர். சாஸ்திரியார் என்ற பெயரைத் தவிர அவரைப் பற்றி உலகம் அதிகம் எழுதிவைக்கவில்லை. இந்தப் பையனிடம் ஏதோ இருக்கிறது என்பதை முதலில் கண்டவர் அவர். கைப்பணம் கொடுத்துப் படிக்க வைத்தவரும் அவர்தான்.

பையன் நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரிக்குப் போனார். பிறகு திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரி, 1927-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு உதவித்தொகை, 1929 முதல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணி. கணித உலகில் வாரிங் கணக்கு என்று ஒன்று உண்டு. எந்த முழு எண்ணை எடுத்தாலும் அதை நான்கு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாகவோ, ஒன்பது கனங்களின் கூட்டுத்தொகையாகவோ எழுதிவிடலாம் என்று 1770-இல் எட்வர்டு வாரிங் என்ற ஆங்கிலேயர் சொல்லிவைத்தார். ஆறாம் அடுக்கு எண்கள் என்றால் எத்தனை வேண்டும்? 73 போதும் என்று 1940-இல் நிறுவியவர் நம் வல்லத்துப் பிள்ளை. 1950-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கணித மாநாட்டுக்குப் போகும் வழியில், ஆகஸ்டு 31-ஆம் தேதி, எகிப்தில் விமானம் விழுந்து இறந்துபோனார். அப்போது அவருக்கு வயது 49.

மீத்திறன் மாணவர்களைப் பள்ளிகள் எப்படி அடையாளம் காண்கின்றன என்று பேச வந்தவள், ஒரு கணித மேதையின் கதையைச் சொல்லக் காரணம் உண்டு. அவர் படித்த செங்கோட்டைப் பள்ளியில் திறனறித் தேர்வு எதுவும் இல்லை. ஒரு வாத்தியார் இருந்தார், பார்த்தார். அவ்வளவுதான்.

இன்று நமக்குத் தேர்வுகள் இருக்கின்றன. எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய்வழி, திறன் படிப்புதவித்தொகைக்கான என்.எம்.எம்.எஸ். தேர்வு. மனத்திறனுக்கு 90 கேள்விகள், பாடத்துக்கு 90 கேள்விகள். தேர்வானால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை மாதம் ஆயிரம் ரூபாய். தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 6,695 இடங்கள். ஒன்பதாம் வகுப்பில் கிராமப்புறப் பிள்ளைகளுக்கு ஊரகத் திறனாய்வுத் தேர்வு, மாவட்டத்துக்கு 50 மாணவர், 50 மாணவியர். உதவித்தொகை ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2023 முதல் முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வு. ஆயிரம் பேருக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம், பட்டப் படிப்பு முடியும்வரை. இவை எல்லாம் நல்ல ஏற்பாடுகள். ஊரகத் தேர்வின் ஆயிரம் ரூபாயை மட்டும் உயர்த்தியே ஆக வேண்டும். இன்று ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய் ஒரு பிள்ளையின் நோட்டுப் புத்தகத்துக்கே காணாது.

ஆனால் எந்தத் தேர்வும் தன் முன்னால் வந்து உட்கார்ந்த பிள்ளையைத்தான் சலிக்கும். வராத பிள்ளையை அதற்குத் தெரியாது. வந்த பிள்ளையையும் சில நேரம் தவறவிடும். அமெரிக்காவில் லூயிஸ் டெர்மன் என்ற உளவியலாளர் 1921-இல் அறிவுக்கூர்மைச் சோதனை வைத்து ஏறத்தாழ 1,500 பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்தார். அந்தச் சோதனை எழுதியும் தேறாமல் போன சிறுவர்களில் இருவர் வில்லியம் ஷாக்லியும் லூயிஸ் ஆல்வரெசும். பின்னாளில் இரண்டு பேருமே இயற்பியலில் நோபல் பரிசு வாங்கினார்கள்.

அப்படியானால் வகுப்பறையில் எதைப் பார்ப்பது? முதல் மதிப்பெண் வாங்குகிற பிள்ளையை எல்லாருக்கும் தெரியும், அதைப் பற்றிக் கவலையில்லை. பாதி நேரத்தில் கணக்கை முடித்துவிட்டுப் பக்கத்துப் பையனைச் சீண்டுகிறானே, அவனைப் பாருங்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு கூலி என்றால், அறுநூற்று ஐம்பது சுற்றிய அம்மாவுக்கு எவ்வளவு என்று மனத்துக்குள்ளேயே போட்டுச் சொல்லிவிட்டு, பள்ளியில் வாய் திறக்காத பெண் பிள்ளையைப் பாருங்கள்.

கேள்வி கேட்கிற பிள்ளையையும் பாருங்கள். 2021 மழையில் நம் திருநெல்வேலி மாவட்டத்துத் திசையன்விளைப் பக்கம் ஆயன்குளத்துக் கிணறு நாடெங்கும் செய்தியானது நினைவிருக்கும். வெள்ளத்தை நாள்கணக்காகத் திருப்பி விட்டும் கிணறு நிரம்பவில்லை. சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் வந்து ஆராய்ந்து, அடியில் சுண்ணாம்புப் பாறையும் அதனுள் குகைபோன்ற இடைவெளிகளும் இருப்பதாகச் சொன்னார்கள். ஊரே போய் வேடிக்கை பார்த்தது. அந்தக் கூட்டத்தில் நின்று, "அப்படின்னா இந்தத் தண்ணி எங்க போய் வெளிய வரும்? நம்ம ஊர்க் கிணத்துல உப்பு குறையுமா?" என்று ஒரு பிள்ளை கேட்டிருந்தால், அந்தப் பிள்ளையின் பெயரை ஆசிரியர் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். பாடப் புத்தகத்தில் விடை இல்லாத கேள்வி அது. அப்படிக் கேட்பதை எந்தக் கொள்குறி வினாத்தாளும் அளக்காது.

கண்டுபிடித்த பிறகு என்ன செய்வது என்பதில்தான் நாம் அதிகம் சறுக்குகிறோம். கெட்டிக்காரப் பிள்ளையை வகுப்புத் தலைவனாக்கி, மற்றவர்களின் நோட்டைத் திருத்த வைக்கிறோம். பத்துக் கணக்கு போட்டவளுக்கு அதே மாதிரி இன்னும் இருபது கொடுக்கிறோம். அவளுக்குத் தேவை இருபது கணக்கு அல்ல. ஒரு வாரம் யோசிக்க வைக்கிற ஒரே ஒரு கணக்கு. கணிதத்துக்கு மட்டும் மேல் வகுப்பில் போய் உட்காரட்டும். நூலகச் சாவி அவள் கையில் இருக்கட்டும். திருநெல்வேலி மாவட்ட அறிவியல் மையத்துக்கு ஒரு சனிக்கிழமை கூட்டிப் போகலாம். மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சின் சோதனை நடக்கும் மாவட்டத்தில் வளரும் பிள்ளைகள் இவர்கள்.

இன்னொன்றையும் மனம் விட்டுச் சொல்ல வேண்டும். திறமை எல்லாப் பாடத்திலும் சமமாக வராது. இராமானுஜன் 1904-இல் கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் கணிதப் பரிசு வாங்கினார். கல்லூரிக்குப் போனதும் மற்றப் பாடங்களில் தோற்று உதவித்தொகையை இழந்தார். இன்றும் என்.எம்.எம்.எஸ். தொகை தொடர வேண்டுமானால் பத்தாம் வகுப்பில் பொதுப் பிரிவுப் பிள்ளை 60 சதவீதம் எடுத்தாக வேண்டும். இந்த விதி தளர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தளரும்வரை, ஆங்கிலத்தில் தடுமாறுகிற கணக்குப் பிள்ளைக்கு மாலையில் அரை மணி நேரம் ஆங்கிலம் சொல்லித் தருவதும் மீத்திறனுக்குச் செய்கிற உதவிதான்.

மாவட்டந்தோறும் இப்போது அரசு மாதிரிப் பள்ளிகள் இருக்கின்றன. விடுதியில் தங்கிப் படித்துப் பெரிய கல்வி நிறுவனங்களுக்குப் போகிறார்கள், மகிழ்ச்சி. ஆனால் எல்லாப் பிள்ளையும் வீட்டை விட்டுப் போக முடியாது. உவரியிலும் நவ்வலடியிலும் இட்டமொழியிலும் தங்கிவிடுகிற பிள்ளைக்கு அந்தந்த ஊர்ப் பள்ளிதான் எல்லாம்.

பெற்றோர்களே, உங்கள் வீட்டில் எட்டாம் வகுப்போ ஒன்பதாம் வகுப்போ படிக்கிற பிள்ளை இருந்தால், இந்த வாரமே தலைமையாசிரியரைப் போய்ப் பாருங்கள். என்.எம்.எம்.எஸ். தேர்வுக்குக் குடும்ப வருமானம் ஆண்டுக்கு மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஊரகத் தேர்வுக்கு ஒரு லட்சத்துக்குள். இ-சேவை மையத்தில் வருமானச் சான்றிதழை முன்கூட்டியே எடுத்து வையுங்கள். கடைசி நாளில் அலைந்து விண்ணப்பம் போடாமல் விட்ட பிள்ளைகள் நிறைய. பனை வேலைக்கு வெளியூர் போகும் குடும்பங்கள், போகுமுன் பள்ளியில் ஒரு கைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டுப் போங்கள். பெண் பிள்ளைக்கு எதுக்கு என்று யாராவது சொன்னால், ஊரகத் தேர்வில் ஐம்பது இடம் அவளுக்காகவே ஒதுக்கியிருக்கிறது என்று சொல்லுங்கள்.